கேட்டையை நேர்ல பார்த்த அண்ணன்

பந்தி எங்கயும் ஓடிறாது... உட்காருங்க. சின்னதா ஒரு கதை சொல்லிட்டு விட்டுர்றேன்.

சங்கரன்கோயில்ல கோமதின்னு ஒரு பொண்ணு. சயின்ஸ் டீச்சர். மொட்டை மாடியில டெலஸ்கோப் வச்சிருப்பா. பொண்ணு தங்கம்... ஆனா நட்சத்திரம்? கேட்டை! கேட்டைன்னா புருசனோட அண்ணனுக்கு ஆகாதாமே? வந்தவன்லாம் பஜ்ஜியைத் தின்னான், நட்சத்திரத்தைக் கேட்டான், ஓடிட்டான்.

ஒரு ஆனி மாசம், சாயங்காலம், தென்காசியில இருந்து வந்தாங்க. தரகர் விருச்சிக ராசின்னு மட்டும் சொல்லி நட்சத்திரத்தை முழுங்கிட்டாரு. எம்புட்டு நேரம் முழுங்க முடியும்? விசயம் வெளிய வந்துச்சு. மாப்பிள்ளையோட அம்மா ஆவுடையம்மா எந்திரிச்சுட்டா.

"எம் மூத்தவன் சுடலையாண்டிக்கு ஒண்ணுன்னா யாரு பதில் சொல்றது?"

சுடலையாண்டி சிமெண்ட் கடைக்காரன். ஆறடி ஆளு... கையில பஜ்ஜியோட நடுங்குறான்!

கோமதி சொன்னா, "அத்தான், கேட்டைக்குத்தானே பயப்படுறீங்க? இருட்டிருச்சு. மாடிக்கு வாங்க, நேர்லயே காட்டுறேன்."

அத்தானாம்! அதுக்குள்ள முறை வச்சுட்டா, பாருங்க!

மாடியில... தென்கிழக்க... வாலைச் சுருட்டிக்கிட்டு ஒரு தேளு. அது நெஞ்சுல செக்கச்செவேல்னு ஒரு கங்கு.

"இதான் கேட்டை. சீமையில ஆல்ஃபா ஸ்கார்ப்பியைம்பாங்க. ஸ்கார்ப்பியைன்னா லத்தீன்ல 'தேளோட'ன்னு அர்த்தம். தேளோட முதல் நட்சத்திரம். அங்கயும் தேளுதான் அத்தான். ஆனா அங்க எந்த அண்ணனும் பயந்த மாதிரி தெரியல."

சுடலையாண்டி டெலஸ்கோப்புல கண்ணை வச்சான்...

"எம்புட்டுப் பெருசு தாயி இது?"

"நம்ம சூரியனைக் கோடிக்கணக்குல உள்ள போடலாம். இப்ப உங்க கண்ணுல படுற வெளிச்சம் அங்கருந்து கிளம்பி ஐந்நூறு வருசத்துக்கு மேல ஆச்சு."

கண்ணை எடுத்தான். கன்னம் ஈரம். கையெடுத்துக் கும்பிட்டான். அப்புறம் அம்மா பக்கம் திரும்புனான்.

"ஏம்மா... இம்புட்டுப் பெரிய சாமி, ஐந்நூறு வருசத்துக்கு முன்னாடியே கிளம்பி வர்றது... தென்காசியில சிமெண்ட் விக்கிற என்னையக் கொல்லவா?"

ஆவுடையம்மா சிரிச்சுட்டா. தட்டை மாத்திட்டாங்க!

மடியில ஜாதகத்தோட உட்கார்ந்திருக்கிற மகராசங்களே... எட்டாங்கிளாஸ் தாண்டாத எனக்கு லத்தீனும் தெரியாது, ஜாதகமும் தெரியாது. ஒண்ணு தெரியும். நாம கட்டம் போட்டு அடைச்சு வச்சிருக்கோமே, அதுல ஒவ்வொண்ணும்... அடேயப்பா! அண்ணாந்து பாருங்க. கும்பிடுங்க. ஆனா அது பேரைச் சொல்லி, காப்பித் தட்டோட நிக்கிற ஒரு பிள்ளையைத் தலைகுனிய வச்சிராதீங்க.