ஆயிரம் ரூவாப் பாலம்

அட, அத வுடுங்க டீச்சரம்மா! எந்தம்பி இவனுக்குப் பதிலா எங்கம்மா வூட்டுப் பொறத்தால ஒரு புளியமரத்த நட்டு வச்சிருந்தாக்கூட, வருசத்துக்கு ரெண்டு மூட்டை புளி உதுந்திருக்கும். இவன்கிட்ட என்னா உதுந்துச்சு? ஒண்ணுமில்ல! மெட்ராசுல கோட்டையில குந்திக்கிட்டு கவருமெண்டு பணத்தையே பங்கு பிரிக்கறானாம்... கூடப் பொறந்த அக்காளுக்கு ஆத்தத் தாண்ட ஒரு பாலம் இல்ல!

பஸ்ஸு போவாதுங்க, நில்லுங்க. டிரைவரு இப்பதான் டீக்குப் போறாரு. ஜன்னல் வழியா எம் பையப் போட்டு எடம் புடிச்சிட்டனே, பாத்தீங்கல்ல? மூணாவது சீட்டு, மஞ்சப் பையி. பக்கத்துல உங்க கொடையையும் போட்டாச்சு. அப்பறம் என்னா? உள்ள ஒரே பீடிப் பொகை. இந்த அரூரு பஸ்டாண்டுல நெழலுன்னு இருக்கறதே இந்த ஒரு மரந்தான். சித்த நின்னு பேசிட்டு ஏறிக்கலாம். நீங்க திருவண்ணாமலையில எறங்கிருவீங்க, நான் அங்கிருந்து மெட்ராசு வண்டி புடிக்கோணும்.

என்ன சொல்லிக்கிட்டிருந்தேன்? ஆங்... தனிசு. ஸ்தனிஸ்லாசுன்னு ஞானஸ்நானத்துல சாமியாரு வச்ச பேரு. எங்கப்பா சவுரியப்பனுக்கு அந்தப் பேரு வாயில நொழையல, கடைசி வரைக்கும் தனிசுன்னேதான் கூப்புட்டாரு. நான் ஆரோக்கியம்மா, மூத்தவ. எனக்கு அடுத்து அவன். அவனுக்குக் கீழ நாலு.

அவன் பட்ஜெட்டு ஆபீசரு ஆனது மெட்ராசுலன்னு நெனைக்கறீங்களா? இல்லைங்க, எங்கூட்டு அடுப்படியில! மழையில்லாத வருசம் அது. எங்கம்மா கேவுரு மாவுல களி கிண்டும். ஆறு புள்ளைங்க, ஆறு உருண்டை. எட்டு வயசுல இவன் வந்து குந்திக்குவான். "அம்மா, ஒவ்வொரு உருண்டையிலயும் நெல்லிக்காயளவு கிள்ளு"ம்பான். கிள்ளினதையெல்லாம் ஒண்ணாச் சேத்து ஏழாவது உருண்டை. அத நீத்தண்ணியில போட்டு மூடி வச்சிருவான். "இது நாளைக்கு"ம்பான். எம் பங்குல மட்டும் ரெண்டு நெல்லிக்காய் கிள்ளுவானுங்க. ஏன்டான்னா, "நீ மூத்தவ, தாங்குவ"ன்னான். அன்னைக்குக் கிள்ள ஆரம்பிச்சவன், இன்னி வரைக்கும் வுடல.

மிசன் பள்ளிக்கூடம் படிச்சான், அரூருல ஹைஸ்கூலு படிச்சான், பரீட்சை எழுதினான், கோட்டையில வேலை கெடச்சுப் போனான். மொதல்ல அசிஸ்டெண்ட்டு. அப்பறம் செக்சன் ஆபீசரு. அப்பறம் அண்டர் செக்ரட்டரி, டெபுடி செக்ரட்டரி... இப்ப ஜாயிண்ட் செக்ரட்டரி. ஜாயிண்ட்டுன்னா கூட்டுன்னு அர்த்தமாம், எங்க பஞ்சாயத்து கிளார்க்கு தர்மன் சொன்னான். நான் சொன்னேன், அவன் எங்கடா எதையும் கூட்டினான், கழிக்கத்தான செஞ்சான்னு!

சிரிக்காதீங்க, மெய்யாலுமே. எங்கூட்டுப் பெரியவன் கல்யாணம் மாசி மாசம். தாய்மாமன் வரல. ஏன்? பட்ஜெட்டு. எங்கப்பா செத்தாரு, மார்ச்சு முப்பது. வந்தான், இல்லன்னு சொல்லல, கல்லறையில மண்ணு போட்டான். கை மண்ணக்கூடத் தட்டல, "நாளைக்கு முப்பத்தொண்ணு அக்கா, வருசம் முடியுது"ன்னு ஓடிட்டான். எங்கப்பாவுக்கு முடிஞ்சு போச்சேடா, அதுக்கு மேல என்னடா முடியணும்னு கத்தினேன். திரும்பிப் பாக்கல. ஆனா பஸ்ஸுல அரூரு வரைக்கும் அழுதுக்கிட்டே போனானாம். கண்டக்டரு வந்து சொன்னாரு.

ஒருக்கா கோயிலுக்குக் கொடிமரம் வாங்கணும்னு கடுதாசி எழுதிப் போட்டேன். அவன் கைக்காசத்தான் கேட்டேன், கவருமெண்டு காசயில்ல. என் கடுதாசியே திரும்பி வந்துச்சுங்க! ஓரத்துல செவப்பு மசியில, "நடப்பு ஆண்டில் இயலாது"ன்னு எழுதியிருக்கான். கீழ கையெழுத்து, தேதி. அக்காளுக்குங்க! பெறவு மூணு மாசம் கழிச்சு, ஏப்ரலு ரெண்டாந்தேதி, மணியார்டரு வந்துச்சு. புது வருசமாம். அவன் வூட்டுலயும் அதே சட்டந்தான் போல, பாவம் அவன் பொண்டாட்டி.

என்னங்க எட்டி எட்டிப் பாக்கறீங்க? டிரைவரு இன்னும் வடைக்கே வரல, டீயிலதான் இருக்காரு.

பாலத்துக்கு வர்றேன். எங்க சவேரியார்பாளையத்துக்கும் ரோட்டுக்கும் நடுவுல ஒரு காட்டாறு. பத்து மாசம் மணலு, ரெண்டு மாசம் தண்ணி. அந்த ரெண்டு மாசம் வந்துச்சுன்னா எங்களுக்கு பஸ்ஸும் கெடையாது, டவுனும் கெடையாது. அந்த ரெண்டு மாசந்தான் எம் மவ ராஜமேரி தலையெழுத்தையே மாத்திப் போட்டுருச்சு. போன ஐப்பசிக்கு முந்துன ஐப்பசி. பொண்ணு பாக்க தீர்த்தமலைப் பக்கமிருந்து வந்தாங்க. நல்ல பையன், கோ-ஆபரேட்டிவுல வேலை. வந்த அன்னைக்குன்னு மேக்க எங்கியோ மழை பேஞ்சு ஆறு ரெண்டாளு ஒசரம் போவுது. அந்தக் கரையில அவங்க பதினோரு பேரு, வெத்தலைத் தட்டோட. இந்தக் கரையில நாங்க, பஜ்ஜியோட. எம் புள்ளயப் பட்டுச் சேலையோட ஒரு பாறை மேல ஏத்தி நிக்க வச்சோம். "பொண்ணு நல்லாத் தெரியுதுங்களா?"ன்னு எங்கூட்டுக்காரரு கத்தறாரு. "கொஞ்சம் திரும்பச் சொல்லுங்க!"ன்னு அவங்க கத்தறாங்க. பஜ்ஜி ஆறிப்போச்சு. பையனுக்குப் புடிச்சுப் போச்சு. அவங்கம்மாதான், "பாலம் வந்தாச் சொல்லியனுப்புங்க. எம் மருமவளப் பிரசவத்துக்கு அனுப்பிட்டு நான் இந்தக் கரையில நின்னு பேரப்புள்ளயப் பாக்க மாட்டேன்"னுட்டுப் போயிருச்சு.

அந்தம்மாளயும் குத்தம் சொல்ல முடியாதுங்க. அந்தப் பையன் இன்னும் கல்யாணம் பண்ணிக்கல. ஆறு வத்துன காலத்துலகூட, எங்க ஊரு திருநாளுக்கு வந்தா அம்மாளுக்குப் பயந்துக்கிட்டு அந்தக் கரையிலயே நின்னு இவளப் பாத்துட்டுப் போறான். இவளும் தண்ணியில்லாத ஆத்துக்குக் கொடத்த எடுத்துக்கிட்டுப் போறா. இருபத்தேழு வயசாவுதுங்க. பாக்கப் பாக்க எனக்கு வவுறு எரியுது.

தனிசுக்கு எழுதினேன். விசாரிச்சா... கேளுங்க அநியாயத்த! எங்க பாலம் ஏற்கெனவே மூணு தடவ அவன் மேசைக்குப் போயிருக்குது. மூணு தடவையும் அவனே கோடு போட்டு அடிச்சிருக்கான்! ஏன்டான்னா, "என் சொந்த ஊரு, நானே போட்டா நாலு பேரு பேசுவாங்க"ன்னான். நாலு பேரு பேசினா என்னாடா, இங்க நானூறு பேரு பேசறோமேடா! ஒரு வார்த்தை பாக்கியில்லாமத் திட்டி எழுதினேன். ராஜமேரி பாறை மேல நின்னதயும் தர்மன வுட்டு எழுதச் சொன்னேன்.

அப்பறந்தான் போன வருசம் பட்ஜெட்டு வந்துச்சு. தர்மன் சைக்கிள்ல பறந்துக்கிட்டு வர்றான். "பட்ஜெட்டு புஸ்தகத்துல நம்ம ஊரு பேரு வந்திருக்குது, அச்சுல வந்திருக்குது!"ன்னு. அட, ஊரே கூடிருச்சுங்க. சரவெடி வுட்டோம். நான் எல்லாருகிட்டயும் சொன்னேன், "தாய்மாமன் சீரு வருதுடி, சிமிட்டியில வருது!"ன்னு. ராஜமேரி தலைக்குக் குளிச்சுப் பூ வச்சுக்கிட்டா. அப்ப யாரோ கேட்டாங்க, எவ்வளவுடா போட்டிருக்குதுன்னு. தர்மன் புஸ்தகத்தப் பாக்கறான். கண்ணாடியத் தொடச்சுக்கிட்டு மறுக்காப் பாக்கறான். "ஆயிரம் ரூவா"ங்கறான்.

ஆயிரம் ரூவாங்க! பாலத்துக்கு! அந்தக் காசுக்கு ஒரு கறவை எருமை வராது. பக்கத்து ஊரு தீர்த்தகிரிக் கவுண்டரு நின்னுக்கிட்டிருந்தாரு. "என்ன ஆரோக்கியம்மா, உந்தம்பி பாலத்தக் கோலமாவுல போட்டுக்கச் சொல்லிட்டானா?"ன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. எம் மவ பூவப் பிச்சு எறிஞ்சிட்டு உள்ள போயிட்டா.

அதோட போயிருந்தாக்கூடத் தேவலைங்க. எங்க ஊருல ஒரு கிறுக்கச்சி இருக்கா. அவளுக்கு ரோசம் பொத்துக்கிட்டு வந்துருச்சு. தர்மனக் கூப்புட்டு ஒரு மனு எழுதச் சொன்னா. "நாங்க பிச்சைக்காரங்க இல்ல. உங்க ஆயிரம் ரூவாய நீங்களே வச்சுக்கங்க. எங்க ஊருக்கு இந்தப் பாலம் வேண்டவே வேண்டாம்." இப்படி! தர்மன் சொன்னான், "வேண்டாங்க, இது கவருமெண்டு சமாச்சாரம்"னு. கேட்டாளா? வூடு வூடாப் போயி நூத்திப் பன்னண்டு கைநாட்டு வாங்கினா. தம்பி... அதாவது ஆபீசரு வூட்டு வெலாசத்துக்குப் போடாம, ஆபீசுக்கே ரிஜிஸ்டர் தபால்ல போட்டா. அவன் ஆபீசுல நாலு பேரு பாத்து அவன் தலை குனியோணும்னு!

யாரு அந்தக் கிறுக்கச்சின்னா கேக்கறீங்க?

...வேற யாரு. நாந்தான்.

அப்படிப் பாக்காதீங்க டீச்சரம்மா. எனக்கு என்னா தெரியும்? அந்த மனுவுக்கு ஆபீசுல நம்பரு போட்டுட்டாங்களாம். நம்பரு போட்டா அப்பறம் கிழிச்சுப் போட முடியாதாம். ஒவ்வொரு மேசையா ஏறி ஏறி, கடைசியில இவன் மேசைக்கே போயிருக்குது. ஊரே வேண்டாம்னு கைநாட்டு வச்சிருக்குது, அவன் என்னா பண்ணுவான்? அவனே செவப்பு மசியில அடிச்சிருக்கான். அந்த எடத்துல வேற எந்த ஊரு பாலமோ ஏறிக்கிச்சு.

பத்து மாசமாக் கடுதாசியே இல்ல அவன்கிட்டயிருந்து. பொங்கலு கழிச்சு இப்பதான் ஒண்ணு வந்துச்சு. தர்மன் படிச்சான். அதுல எழுதியிருக்கான்... "அக்கா, பெரிய வேலைக்கெல்லாம் மொத வருசம் ஆயிரம் ரூவாதான் போடுவோம். அதுக்கு டோக்கன்னு பேரு. பஸ்ஸுல துண்டு போட்டு எடம் புடிப்போமே, அந்த மாதிரி. துண்டு கெடந்தா ஆளு வருதுன்னு அர்த்தம். பின்னாடி லட்சக் கணக்குல வரும். முப்பத்தஞ்சு வருசமா ஊரு ஊருக்குத் துண்டு போட்டேன். நம்ம ஊருக்கு ஒரே ஒரு தடவ போட்டேன், ராஜமேரிய நெனச்சுக்கிட்டு. நீ அத எடுத்து வெளிய வீசிட்ட." அந்த மனுவப் பத்தி அவ்வளவுதான் எழுதியிருந்தான். திட்டக்கூட இல்லைங்க. திட்டியிருந்தாத் தேவலை. எனக்கு அழுவ வந்துருச்சு.

டோக்கனாம்! ரேசன் கடையில குடுக்கறதுதான் டோக்கன், பெரியாஸ்பத்திரியில குடுக்கறதுதான் டோக்கன். இப்படி ஒரு டோக்கன் இருக்குதுன்னு இந்த தர்மனுக்காவது தெரிஞ்சிருக்கணுமில்ல? கிளார்க்காம் கிளார்க்கு!

இப்ப அவன் இந்த ஜனவரி முப்பத்தொண்ணோட ரிட்டயர்டு ஆவறானுங்க. அடுத்த பட்ஜெட்டு இப்பதான் எழுதிக்கிட்டிருக்காங்களாம். "அதே ஆளுங்க, அதே கைநாட்டு வச்சு, பாலம் வேணும்னு மனு வந்தா, நான் பேனாவ மூடறதுக்குள்ள பாக்கறேன். எனக்குப் பின்னாடி வர்றவருக்கு நம்ம ஊரு எங்க இருக்குதுன்னே தெரியாது"ன்னு அடியில எழுதியிருக்கான். இன்னைக்கு இருபத்தொம்பது. தபால நம்ப மாட்டேன்னுட்டு நானே கெளம்பிட்டேன். நூத்திப் பன்னண்டு கைநாட்டும் திரும்ப வாங்கியாச்சு. ரெண்டு பேரு செத்துட்டாங்க, அவங்க மருமவளுங்க வச்சாங்க. தீர்த்தகிரிக் கவுண்டரு வேற, பக்கத்து ஊரு ஆளு, தானா வந்து கட்டை வெரலக் காட்டினாரு. லட்சமெல்லாம் கேக்கல டீச்சரம்மா. ஆயிரம்... அதே ஆயிரம் ரூவா போடுடா தம்பின்னுதான் எழுதியிருக்குது. கேவுரு மாவு ரெண்டு படி, அவனுக்கு என் கையால களி கிண்டிப் போடோணும். இந்தத் தடவ எம் பங்குல மூணு நெல்லிக்காய் கிள்ளிக்கட்டும். மனுவும் மாவும் அந்தப் பையிலதான் பத்திரமா... டீச்சரம்மா?

ஏங்க... எங்க போனாங்க? இங்கதான நின்னாங்க? இவ்வளவு நேரம் நான் யாருகிட்ட... அட, அங்க சீட்டுல குந்தியிருக்கறது யாரு, எம் பைக்குப் பக்கத்துல? நீங்களா! எப்ப ஏறினீங்க? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா... அய்யய்யோ, வண்டி நவுருதே! ஏ டிரைவரு! யோவ் கண்டக்டரு! நிறுத்துய்யா, எடம் போட்டிருக்குதுய்யா! மாதாவே!... டீச்சரம்மா, என்னா பண்றீங்க, பைய ஏன் தூக்கறீங்க? வெளிய போடாதீங்க! வேண்டாங்க, வேண்டாங்க, போட்டுறாதீங்க, அது அங்கியே கெடக்கட்டும்! இதோ ஓடியாறேன்! சீட்டுலயே வைங்க! யாரு கேட்டாலும் ஆளு வருதுன்னு சொல்லுங்க... ஆளு வருதுன்னு சொல்லுங்க டீச்சரம்மா!