நேஷனல் பர்மிட்

நாமக்கல்லிலிருந்து சேலம் போகும் பஸ்ஸில், முன்சீட்டுக்காரர் பக்கத்திலிருந்தவரிடம் சாவகாசமாகச் சொன்னார்: "நகராட்சி குப்பை வண்டிய நாங்கதானுங்க அறுத்தோம்."

"ஏனுங்க, போலீஸ் வரலீங்களா?"

"நகராட்சி ஆபீசரம்மாவே எங்க பட்டறைக்குக் கொண்டாந்தாங்க. எங்க சந்துக்குள்ள வண்டி நுழையாதுங்க, குப்பையெல்லாம் சாக்கடையிலதான். 'லாரிக்கே பாடி கட்டறீங்க, இதைக் கொஞ்சம் ஒடுக்கித் தாங்க'ன்னாங்க. தெருவே சேர்ந்து ஒடுக்கிக் கட்டிட்டோம். பெயிண்டர்தான் லாரிக்கு எழுதற பழக்கதோஷத்துல வண்டி நெத்தியில 'நேஷனல் பர்மிட்'னு எழுதிப்புட்டாப்ல."

"அழிச்சீங்களா?"

"அந்தம்மா உடலீங்க. 'இந்தியா முழுக்கப் போற வண்டி, உங்க ஊட்டு வாசலுக்கு வராமயா போயிரும்?'னு சிரிச்சாங்க."

"வருதுங்களா?"

"தினமும் காத்தால ஆரன் அடிச்சு சந்து சனத்தையே எழுப்பி உடுதுங்க. லாரி ஆரன். அதையும் நாங்கதான் மாட்டி உட்டோம்."