முப்பத்திரண்டாவது முறைப்பாடு

இல்லைத் தம்பி, நான் தெரியாமல்தான் கேக்கிறன்... "ஆதரவற்ற அகதிப் பெண்" எண்டு என்னை எழுதச்சொல்லி உங்கடை கொம்பனிக்கு ஆர் சொன்னது? ஆதரவு இல்லையாமோ! அந்தா, பின்னுக்குக் கிழங்கு அவிச்சுக்கொண்டு நிக்கிறாரே என்ரை மனிசன் றெஜினோல்ட், அது ஆர்? வெங்காயச் சாக்கோ? இருபது வரியமாய்க் கெல்சென்கிர்ச்சனிலை இருக்கிறன். ஜேர்மன் பாஸ்போட் இருக்கு. ஊருக்குக் கோல் எடுக்க ஆறு பெட்டி போட்ட ரெலிபோன் கடை இருக்கு. இன்னும் அகதியாம்! எங்கை, இன்னொருக்கா வாசியுங்கோ. இங்கிலிசு வேண்டாம், தமிழிலை சொல்லுங்கோ. ம்... ம்... என்ன பேர் போட்டிருக்கு? பேர்பெச்சுவலோ? பேர்பெச்சுவா, தம்பி, பேர்பெச்சுவா! பேர்பெச்சுவல் எண்டு கூப்பிட நான் என்ன சதாசகாய மாதாவோ?

சரி சரி, இருங்கோ. கோவிக்காதேங்கோ. பிராங்பேட்டிலையிருந்து ரெயினிலை வந்த பிள்ளை, முதல்லை தேத்தண்ணியைக் குடியுங்கோ. றோல்ஸ் வேண்டாமோ? ஓ... மச்சம் மாமிசம் சாப்பிடமாட்டியள் என்ன. பார்த்தசாரதி எண்டு பேரைச் சொல்லேக்கையே யோசிச்சிருக்கவேணும்.

செல்வரட்ணம் அண்ணை! நாலாம் பெட்டி! நாலு! அது மூண்டு! ...பாத்தியளோ, ஒவ்வொரு நாளும் வாறார், ஒவ்வொரு நாளும் பிழையான பெட்டி.

என்ன சொல்லிக்கொண்டிருந்தனான்? ஓம், கையெழுத்து. நான் போடமாட்டன் எண்டு சொன்னனானோ? எதுக்குப் போடுறன் எண்டு எனக்கு விளங்கவேணும், அவ்வளவுதான். நீங்கள் சொன்னதை நான் திருப்பிச் சொல்லுறன், சரியோ எண்டு பாருங்கோ. உங்கடை கொம்பனி அமெரிக்கன் கொம்பனி. ஆனால் ஜேர்மனியிலை நிலத்துக்குக் கீழை உங்களுக்கெண்டு ஒரு முழம் வயர் இல்லை. எல்லாம் அந்தப் பெரிய ஜேர்மன் கொம்பனியின்ரை வயர். அவங்கள் அதை வெளிநாட்டுக் கொம்பனியளுக்கும் வாடகைக்குக் குடுக்கவேணும், இழுத்தடிக்கக் கூடாது. அப்பிடித்தான் ஜேர்மன் அரசாங்கம் ஒப்பந்தத்திலை கையெழுத்துப் போட்டிருக்கு. சொன்ன மாதிரி நடக்குதோ எண்டு அமெரிக்க அரசாங்கம் வரியத்துக்கு ஒருக்கா வோஷிங்டனிலை இருந்து பாக்கும். பள்ளிக்கூட றிப்போட் மாதிரி, என்ன? இன்ன நாடு கணக்கிலை பெயில், இன்ன நாடு வகுப்பிலை சரியான குழப்படி, ஜேர்மனி இன்னும் முயற்சி செய்யவேணும்... அப்ப அமெரிக்காவுக்கு ஆர் றிப்போட் எழுதுறது? சிரிக்காதேங்கோ தம்பி, உண்மையாய்த்தான் கேக்கிறன்.

அந்த றிப்போட்டுக்கு உங்கடை கொம்பனி முப்பத்திரண்டு முறைப்பாடு எழுதி அனுப்பியிருக்கு. முப்பத்திரண்டாவது நான்.

நான் எங்கை வோஷிங்டனுக்கு முறைப்பாடு செய்தனான்? உங்கடை கொம்பனிக்குப் போன் எடுத்து ஏசினனான். ஏசாமல்? பதினொரு கிழமை, தம்பி! செப்ரெம்பரிலை லைனுக்கு அந்திராக் படிவம் நிரப்பிக் குடுத்தது. நோட்டீஸ் அடிச்சாச்சு, பெட்டி ஆறும் பூட்டியாச்சு, கதிரை போட்டாச்சு, பாதரைக் கூப்பிட்டுத் தீர்த்தமும் தெளிச்சாச்சு. லைன் மட்டும் இல்லை! சனம் கண்ணாடியாலை எட்டிப் பாத்திட்டுப் போகுது. இந்தச் செல்வரட்ணம் அண்ணை, மன்னாரிலை தாய்க்கு வருத்தம் கடுமை எண்டு கேள்விப்பட்டு ஓடி வந்தவர். லைன் இன்னும் வரேல்லை அண்ணை எண்டு நான் சொல்லச் சொல்லக் கேக்காமல் பெட்டிக்குள்ளை போயிருந்து, றிசீவரைக் காதிலை வைச்சு "அம்மா, அம்மா" எண்டு கூப்பிட்டார். பிறகு றிசீவரை வைச்சிட்டு அப்பிடியே இருந்து அழுதார்... அண்டைக்குத்தான் நான் கைப்போனை எடுத்து உங்கடை ஆக்களைக் கிழிச்சனான். அந்தப் பக்கம் ஒரு பெட்டை, "நீங்கள் சொல்லுறதை நாங்கள் பாவிக்கலாமோ" எண்டு கேட்டவள். பாவியுங்கோ, சட்டம் போட்டுச் சுவரிலை கொழுவுங்கோ, எனக்கு லைனைத் தாங்கோ எண்டன். இதுதான் நான் செய்த முறைப்பாடு.

இப்ப ஜேர்மன் பக்கம் பதில் எழுதியிருக்கு. "லைன் பூட்டுற எங்கடை ரெக்னிக்கர் மூண்டு தரம் போனவர், மூண்டு தரமும் கடையிலை ஒருதரும் இல்லை." அதுக்கு நீங்கள் இந்தக் கடதாசியைக் கொண்டுவந்திருக்கிறியள். என்ன எழுதியிருக்கு? ஒருதரும் வரேல்லை, ரெக்னிக்கர் வராமலே வந்ததாய்ப் பொய்யாய்த் துண்டுக் கடதாசி எழுதினவர் எண்டு நான் சத்தியம் பண்ணுறனாம்.

சத்தியம்... எவ்வளவு லேசாய் எழுதிப்போட்டியள்.

அந்த டீவியைப் பாருங்கோ தம்பி. அந்தா, அலுமாரிக்கு மேலை. கடை திறக்க முந்தியே றெஜினோல்ட் கொண்டுவந்து பூட்டினது, பந்து பாக்க. லைன் வரேல்லை, மாதாவின்ரை சுரூபம் வைக்க இடமில்லை, டீவி முதல் நாளே வந்திட்டுது! அதை நாங்கள் பதியேல்லை. இஞ்சை டீவி வைச்சிருந்தால் பதிஞ்சு காசு கட்டவேணும், பதியாட்டி ஆள் வந்து கதவு தட்டும், தெரியும்தானே? நீங்கள் உங்கடையைப் பதிஞ்சனீங்களோ? ...பாத்தியளோ, முழிக்கிறியள்!

ஒக்ரோபரிலை ஒரு நாள் காலமை. கண்ணாடிக் கதவுக்கு வெளியிலை ஒரு வெள்ளைக்காரன். ஒரு கையிலை பெரிய பை. மற்றக் கையிலை மட்டை, மட்டையிலை கடதாசி. கடைப் பேரைப் பாக்கிறான், மட்டையைப் பாக்கிறான். பேந்து கண்ணாடியிலை நெத்தியை முட்டிக்கொண்டு உள்ளுக்கை பாக்கிறான். டீவி ஓடிக்கொண்டிருக்கு! நீங்கள் எண்டால் என்ன நினைப்பியள்? நானும் அதைத்தான் நினைச்சன். டக்கெண்டு டீவியை நிப்பாட்டி, லைற்றை நூத்து, இந்தா, இந்த மேசைக்குப் பின்னாலை குப்புறப் படுத்திட்டன். படுத்துக்கிடந்து அருள்நிறைந்த மரியே சொன்னனான். பத்துத் தரம் சொல்லி முடிய ஆள் போயிட்டுது. மாதா காப்பாத்திப்போட்டா எண்டு எழும்பித் தேத்தண்ணி போட்டன்.

ரெண்டாம் தரமும் அப்பிடித்தான். மூண்டாம் தரம் றெஜினோல்டும் பக்கத்திலை படுத்தவர். படுத்துக்கிடந்து தும்மினவர்! மனிசன் தும்மினால் மூண்டு வீட்டுக்குக் கேக்கும். வாயைப் பொத்துங்கோ எண்டு நான் அவரின்ரை மூக்கைப் பொத்தினனான்.

ஓம் தம்பி... ஓம். அதுதான் ரெக்னிக்கர். பேனையை மூடாதேங்கோ, நான் இன்னும் முடிக்கேல்லை.

டிசெம்பரிலை நாலாம் தரம் வந்தவர். சோடாக்காரன் பெட்டி இறக்க வந்ததாலை கதவு ஆவெண்டு திறந்து கிடந்தது, எனக்குப் படுக்க நேரமில்லை. உள்ளுக்கை வந்து கையைத் தந்து, "வில்ச்செக், ரெலிபோன்" எண்டார். அறுபது வயதிருக்கும், கழுத்திலை நீலச் சால்வை. ஒண்டரை மணித்தியாலத்திலை ஆறு லைனும் தந்திட்டார். முதல் கோல் செல்வரட்ணம் அண்ணைதான் எடுத்தவர். தாய் தேறி எழும்பியிருந்தவ, மடுமாதா புண்ணியம். கூச்சல் போட்டுக் கதைச்சார். வில்ச்செக் பையைப் பூட்டிக்கொண்டு என்னைப் பாத்துச் சொல்லுறார், "முந்தி மூண்டு தரம் வந்தனான். மேசைக்குக் கீழாலை உங்கடை கால் தெரிஞ்சது" எண்டு.

கால், தம்பி! பச்சைக் கால்மேசும் செருப்பும்! எனக்குத் தலையைக் கொண்டுபோய் எங்கை வைக்கிறதெண்டு தெரியேல்லை. "அப்ப ஏன் ஒருதரும் இல்லையெண்டு எழுதினனீங்கள்" எண்டு கேட்டன். "ஆள் படுத்திருக்கிறா எண்டு எழுத அந்தத் துண்டிலை இடமில்லை" எண்டார். சிரிக்கேல்லை, அந்தாள். அப்பிடியே சொல்லிப்போட்டுப் போயிட்டார்.

அண்டைக்கே நான் உங்களுக்கு எடுத்துச் சொல்லியிருக்கலாம். லைன் வந்திட்டுது, இனி ஆர் கேக்கப்போகினம் எண்டு வாயை மூடிக்கொண்டு இருந்திட்டன். என்ரை சீவியத்திலை நான் வாயை மூடின ஒரே தரம், அது இப்பிடி வந்து முடிஞ்சிருக்கு!

முந்தநாள் வில்ச்செக் திரும்ப வந்தவர். வியாழக்கிழமை அவருக்குக் கந்தோரிலை ரேர்மினாம், விசாரிக்கக் கூப்பிட்டிருக்காம். என்ரை கையெழுத்து வர முந்தியே, மூண்டு துண்டும் பொய்யெண்டு உங்கடை கொம்பனி அமெரிக்காவுக்கு எழுதிப்போட்டுதாம், விளக்கம் சொல்லவேணுமாம். பென்சனுக்கு ரெண்டு வரியம் இருக்கு அந்தாளுக்கு. ஏசேல்லை, தம்பி. நீதான் செய்தனீ எண்டு ஒரு சொல்லுச் சொல்லேல்லை. மூண்டாம் பெட்டியிலை லைன் இரையுது எண்டு நான் எப்பவோ அறிவிச்சனான், அதைக் கழட்டித் திருத்திப்போட்டு, பரிசோதிச்சுப் பாத்துப்போட்டு வெளிக்கிட்டார். ஏசியிருந்தால் நான் திருப்பி ஏசியிருப்பன். எனக்கு அது நல்லாய் வரும். திருத்திப்போட்டுப் போற மனிசனை நான் என்ன செய்யிறது? ரெண்டு நாளாய் நித்திரை இல்லை.

அதாலை இதிலை நான் கையெழுத்துப் போடமாட்டன். முகத்தை அப்பிடி வைச்சிருக்காதேங்கோ. மற்ற முப்பத்தொண்டும் உண்மையாய் இருக்கலாம். அவங்கள் இழுத்தடிக்கிறாங்களோ இல்லையோ, அது உங்கடை பாடு, ரெண்டு அரசாங்கத்தின்ரை பாடு. என்ரையை வெட்டுங்கோ. வெட்ட ஏலாதோ? அனுப்பியாச்சோ? அப்ப புதுசாய் எழுதுங்கோ. நான் சொல்லுறன். "ரெக்னிக்கர் வந்தவர். நான் உள்ளுக்கை படுத்திருந்தனான்." அதுக்கு இங்கிலிசிலை என்ன? ...டீவிக்காரருக்குத் தெரிஞ்சுபோம் எண்டோ? தெரியட்டும், நேற்றுப் பதிஞ்சிட்டன். அதிலையிருந்து றெஜினோல்ட் என்னோடை கதைக்கிறேல்லை. கிழங்கோடைதான் கதைக்கிறார்.

என்ன? மேலதிகாரியோடை கதைக்கவேணுமோ? கதையுங்கோ, இஞ்சை ஆறு பெட்டி இருக்கு! ...வெளியிலை நிண்டு கதைக்கப்போறியளோ. சரி, போங்கோ. குளிராய் இருக்கு, கோட்டைக் கொழுவிக்கொண்டு போங்கோ. பையையுமோ? ...ம். சரி.

...

செல்வரட்ணம் அண்ணை, கதைச்சு முடிஞ்சுதோ? அந்தக் கண்ணாடியாலை ஒருக்கா எட்டிப் பாருங்கோ. கோட்டுப் போட்ட பிள்ளை ஒண்டு போன் கதைச்சுக்கொண்டு நிக்குதோ? ...இல்லையோ? வடிவாய்ப் பாருங்கோ. ...ட்ராமிலை ஏறிட்டுதோ! தேத்தண்ணி அரைவாசி கிடக்கு, கடதாசியும் கிடக்கு.

நல்லது. கடதாசியின்ரை பின்பக்கம் வெறுமையாய்த்தான் இருக்கு.

இஞ்சேருங்கோ அப்பா! என்னோடை கதைக்காட்டியும் பரவாயில்லை, கிழங்கு அடுப்பை நூத்துப்போட்டு வாங்கோ. ஜேர்மனிலை எழுதுறன், எழுத்துப்பிழை இருந்தால் சொல்லுங்கோ. உங்கடை கையெழுத்தும் வேணும், நீங்களும்தானே படுத்தனீங்கள். வியாழக்கிழமை கடை பூட்டு. ரெண்டு பேரும் வில்ச்செக்கின்ரை கந்தோருக்குப் போறம், நேரிலை போய்ச் சொல்லுவம். வோஷிங்டனுக்கு ஒரு கொப்பி போகட்டும்...

என்ன? சாதாரணத் தபால் காணுமோ? விசரே உங்களுக்கு? பதிவுத் தபாலிலை போடுங்கோப்பா. பேந்து ஒண்டும் வரேல்லையெண்டு சொல்லிப்போடுவாங்கள்.