கடல்கன்னியின் ரவிக்கை

தாமல் போகும் பஸ். எனக்கு முன் சீட்டில் தறி நெய்யும் பெண்கள் இருவர்.

“கடல்கன்னிக்கு ரவிக்கை போட்டுட்டேங்கா,” என்றாள் இளையவள்.

“எந்தக் கடல்கன்னி?”

“கல்யாணப் புடவை முந்தியில. மாப்ள டென்மார்க்காரரு. அவங்க ஊரு கடலோரம் இருக்கிற செலையாம். போட்டோவுல மேல ஒண்ணுமே இல்ல. பெரியவங்க முன்னாடி விரியுற முந்தியாச்சே, செவப்பு ஊடை நூல் குடுத்து ரவிக்கை நெய்ஞ்சுட்டேன்.”

“கேக்காமலா? பொடவையத் திருப்பிக் குடுத்துட்டாங்களா?”

நான் இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தது. எழுந்திருக்கவில்லை.

“நானும் பயந்துக்கினுதான் இருந்தேன். மாப்ளையோட அம்மா தடவிப் பாத்துச்சாம். அந்தக் குளிருல இத்தினி வருசமா ஒக்கார வெச்சிருக்கோம், எங்க யாருக்கும் தோணலையேன்னுச்சாம்.”

“அப்ப எடுத்துக்கினாங்க.”

“அந்தம்மாவுக்கும் ஒரு புடவை வோணுமாம். அதுல கடல்கன்னிக்கு முழுக்கை வெக்கணுமாம்.”