பின்னால் நின்றவன்

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வந்த வருஷம். மழை விட்ட ஒரு சாயங்காலம், விளக்கு வைக்கிற நேரம். காஜா பேராங் சாலையில் ஈ, காக்கை இல்லை... கோடியில் இருந்த ரப்பர் கிடங்கில் மட்டும் வெளிச்சம்.

நெருங்கி உட்காருங்கள். இது என் கூட்டாளி ஜெயபாலனின் சித்தப்பா பொன்னுதுரைக்கு நடந்தது. அந்தக் கிடங்கில் போர்க்லிப்ட் ஓட்டியவர் அவர்தான்.

முன்னால் நீட்டிய இரண்டு இரும்புக் கரங்களில் சுமையைத் தூக்கும் வண்டி அது. அளவுக்கு மேல் ஏற்றினால் பின்சக்கரங்கள் தரையை விட்டு எழும்பும். பாரத்தைக் குறைத்தால் போதும். ஒரு நடை கூடுதலாகப் போகவேண்டும், அவ்வளவுதான். ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் ராஜரத்தினத்துக்கு அந்த ஒரு நடை பொறுக்காது. அவனுக்கு மரியாதை எதற்கு? பாரத்தைக் குறைக்கமாட்டான். வண்டியின் பின்பக்கம் ஒரு ஆளை ஏற்றி நிற்கவைப்பான். மனுஷனை எடைக்கல்லாக!

முந்தின வாரம் அப்படி ஏறி நின்றவன் தியாகு. ஈரத்தரையில் வண்டி திரும்பியது. விழுந்தான். சக்கரம் ஏறியது...

"குடிச்சிட்டு ஏறியிருப்பான்," என்றான் மண்டோர். பிணத்துக்கு முன்னால், தியாகுவின் மனைவி சீதாவிடமே. தியாகு கள்ளுக்கடை வாசலைக்கூட மிதித்ததில்லை.

அந்தச் சாயங்காலம் லாரி காத்திருந்தது. மறுபடியும் அதிகப் பாரம். பின்னால் ஏற எவனும் வரவில்லை.

"ஆள் இல்லாமலே தூக்குலா, பொன்னுதுரை."

"பின்னால எழும்பிக்கும் மண்டோர். பாதிய எறக்கச் சொல்லுங்க."

"தூக்குன்னா தூக்கு! உன் வேலைக்கு வெளிய பத்துப் பேரு நிக்கிறான்."

பொன்னுதுரை பிடியை இழுத்தார். சங்கிலி கரகரத்தது. ரப்பர் கட்டுகள் மேலே போயின... பின்சக்கரம் எழும்பவில்லை. தரையில் அழுந்தி நின்றது.

"பாத்தியா? ஆளே வேணாம்லா!" மண்டோர் சிரித்தான்.

பொன்னுதுரைக்குப் பிடரியில் சூடாக ஏதோ பட்டது. மூச்சு. புஸ்... புஸ்... ரப்பரின் புகைநாற்றத்துக்குள் ஈரச்சட்டை நாற்றம்.

அவருக்குப் பயம் வரவில்லையாம். கோபம்தான் வந்ததாம்.

"செத்தவனையும் வேலை வாங்குறியேடா, பாவி!" என்று மண்டோரைப் பார்த்துக் கத்தினார். பிறகு, திரும்பிப் பார்க்காமல், "தியாகு... எறங்குடா தம்பி. போதும். வீட்டுக்குப் போ."

பின்பக்கம் டபக்கென்று எழும்பியது. பாரம் முன்னால் சாய்ந்தது. பொன்னுதுரை அவசரமாகச் சுமையைத் தரையில் இறக்கினார்.

"நாடகமாடா போடுற?" மண்டோர் பாய்ந்து வந்து வண்டியின் பின்னால் ஏறி நின்றான். "நானே நிக்கிறேன். தூக்குடா!"

"மாட்டேன்." எஞ்சினை அணைத்தார். இறங்கி வாசலை நோக்கி நடந்தார்.

"பொன்னுதுரை..." பின்னாலிருந்து மண்டோரின் குரல், மெலிந்து. "என்னை விடச் சொல்லுலா..."

எஞ்சின் நின்றிருந்தது. யாரும் அவனைத் தொடவில்லை. ஆனால் அவனால் இறங்க முடியவில்லை. நாலு பேர் சேர்ந்து இழுத்துக் கீழே கிடத்தினார்கள். வலி வலி என்று கத்தினான். சட்டையைக் கழற்றிப் பார்த்தார்கள்.

இடுப்பில், பின்னாலிருந்து சுற்றிப் பிடித்த இரண்டு கைகளின் தடம். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அந்தப் பத்து விரல்களும் தோலில் இன்னும் ஆழமாக அமுங்கிக்கொண்டிருந்தன...