பவளத்துக்கிட்டயும் போன என் பேரு

...ஒரு பூனைக்குட்டிக்கு வச்சிருந்தாக் கூட மனசு ஆறியிருக்குங்க! என் பேரைத் தூக்கி, கடல்ல கெடக்கற ஒரு வழவழா ஜந்துக்கு வச்சிருக்காரு. எங்க வீட்டுக்காரரைத்தான் சொல்றேன். கடல் ஆராய்ச்சி. நீங்க எதுத்த வீட்டுக்கு இப்பத்தானே வந்திருக்கீங்க, தெரியாதில்ல... பையைக் கீழ வைங்க, கை வலிக்கும்.

கடல் சாமந்தின்னு ஒண்ணு. பாறையில ஒட்டிக்கிட்டு விரல் விரலா ஆட்டிக்கிட்டு இருக்குமே, அதேதான். அதுல புது வகையாம். மூணு வருஷமா லென்ஸை வச்சுக்கிட்டு அதோட விரலை எண்ணினாரு. என் விரலை ஒரு நாள் பாத்திருப்பாரா? ம்ஹூம்! திங்கறதும் கழிக்கறதும் அதுக்கு ஒரே ஓட்டைங்க. கருமம்! அதுக்குப் போயி என் பேரு.

அவரு தங்கச்சி, என் நாத்தனா, மரபணு ஆராய்ச்சி பண்றவ. விழுந்து விழுந்து சிரிக்கறா. "பொருத்தமான பேருதான் அண்ணி, அதுக்கும் வாயைத் தவிர வேற ஒண்ணும் பெருசா இல்ல"ங்கறா. ஏங்க, நான் என்ன அவ்வளவா பேசறேன்?... ஏன் தலையைக் குனிஞ்சுக்கறீங்க?

"ஒரு துண்டு குடுண்ணா, மரபணுவைப் படிச்சு அது எந்த ஜந்துக்கு உறவுன்னு சொல்றேன்"னு ரொம்ப நாளா கேட்டா. "என் கண்ணுக்குத் தெரியாததா?"ன்னு இவரு தரவேயில்ல. எப்படியோ ஒரு துண்டு அவ கைக்குப் போச்சு. படிச்சா... சாமந்தியே இல்லையாம்! பவளத்துக்கு ஒண்ணு விட்ட தங்கச்சியாம், கல்லுக்கூடு கட்டாத சொந்தமாம். இவரு குதிக்கறாரு, "பவளம்னா கூடு எங்கடி?"ன்னு. "உருவத்தை விடுண்ணா, உள்ள எழுதியிருக்கறதைப் பாரு"ங்கறா. மறுபடியும் சோதிச்சாங்க, இவரே கூட நின்னாரு. அதேதான். பதினஞ்சு நாளா அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் பேச்சே இல்ல.

அதைக் கூட விடுங்க. திருடிக் குடுத்தது யாருன்னு ஆபீஸ் காவக்காரரைப் போட்டு உலுக்கறாரு. பிள்ளைகுட்டிக்காரர்ங்க, வேலையே போயிடும் போலருக்கு.

என்ன? யாரு குடுத்ததா? அது வந்து... கொஞ்சம் கிட்ட வாங்க. நான்தான். பின்ன என்னங்க! சாமந்தி இல்லன்னு ஆயிட்டா என் பேரை எடுத்துடுவாங்கன்னு நெனச்சேன். அவரு குளிக்கப் போனப்ப, அவரு பையிலேருந்து அந்தத் துண்டு போட்டிருந்த சின்னக் குப்பியை உருவி நாத்தனா கையில குடுத்துட்டேன். இப்ப அவ சொல்றா, ஆராய்ச்சியில ஒவ்வொரு ஜந்துக்கும் ரெண்டு பேராம், குடும்பம் மாறினா முதல் பேருதான் மாறுமாம். ரெண்டாவது பேரு, அதான் என் பேரு, எந்த வீட்டுக்குப் போனாலும் கூடவே போகுமாம்! சாமந்திங்க மத்தியில போன மானம் இப்பப் பவளத்துக்கிட்டயும் போச்சு.

காவக்காரர் முகத்தை நெனச்சா சோறு எறங்கலைங்க. இன்னிக்கு எங்க வீட்டுக்காரர் வந்ததும் சொல்லிடப் போறேன். கத்துவாரு, கத்தட்டும். நீங்க மட்டும் சும்மா பக்கத்துல நின்னீங்கன்னா... இருங்க, எங்க போறீங்க? ஏங்க! கதவை ஏன் சாத்தறீங்க?

சரி, சாத்திக்குங்க. உள்ள கேக்குதுல்ல? இந்த நாத்தனா கல்யாணத்துல என்ன ஆச்சுன்னா...