கழற்றிய பின்

உங்கள் நாற்காலி லேசாக ஆடுகிறது, சார். இடது பின்னங்கால் கொஞ்சம் குட்டை. ஒரு தாளை நாலாக மடித்து அடியில் வைத்தால் போதும். தப்பாக நினைக்காதீர்கள், கண்ணில் பட்டுவிட்டால் சொல்லாமல் இருக்க முடியாது எனக்கு. முப்பத்தொரு வருஷம் லேத்தில் நின்றவன். பட்டறையில் எனக்கு 'மயிரிழை' என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

விமானத்தைப் பற்றித்தானே கேட்டீர்கள். பழைய போர்க்காலத்து ஒற்றை இருக்கைச் சண்டை விமானம். அசலை எடுத்துச் சரியாக முக்கால் அளவுக்குக் குறைத்தேன். அலமாரியில் வைக்கிற பொம்மை இல்லை, ஆள் ஏறிப் பறக்கிற விமானம். பஸ் பழுதுபார்க்கிற இடத்துக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் ஒன்பது வருஷம் வேலை. இறக்கையின் ஒவ்வொரு விலா எலும்பையும் மூன்று தடவை அளந்துதான் ஒட்டினேன். இருக்கையை என் உடம்புக்கு அளவெடுத்துச் செய்தேன். ஓட்டப் போகிறவன் நான் என்றுதான் அப்போது நினைப்பு.

கண் டாக்டர் இடது கண்ணில் ஓரப் பார்வை போய்விட்டது என்றார். பறக்க அனுமதி கிடைக்கவில்லை. வருத்தமில்லை. கண் என்றால் தேயத்தான் செய்யும்.

என் தங்கை வீட்டுக்காரர் விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். தங்கைதான் கேட்டாள்: "அவரு ஓட்டட்டும்ணா. வீட்டு ஆளுதானே."

நியாயம்தான். ஆனால் மாப்பிள்ளை நல்ல உயரம். இருக்கையில் உட்கார்ந்தால் தலை கண்ணாடிக் கூண்டில் முட்டியது. "ரெண்டு இஞ்ச் இறக்கிருவோமா மச்சான்?" என்றார். இறக்க வேண்டுமானால் அடியில் இருக்கிற குறுக்குச் சட்டத்தை வெட்ட வேண்டும். அந்தச் சட்டத்தை மட்டும் இழைக்க எனக்கு ஏழு வாரம் ஆனது. வெட்டிக் கொடுத்தேன். அவர் பக்கத்தில் நின்று டீ குடித்தார்.

நல்ல மனுஷன் சார் அவர். சிரித்த முகம். யார் வந்தாலும் நின்று பேசுவார். முதல் தடவை பறந்து இறங்கியதும் கூட்டம் சூழ்ந்துகொண்டது. "நீங்களே செஞ்சதா?" என்று ஒரு பெண் கேட்டாள். "மச்சானும் கொஞ்சம் ஒத்தாசை பண்ணாரு" என்று என் தோளில் கை போட்டார். விளையாட்டாகச் சொன்னதுதான். அந்தக் 'கொஞ்சம்' என்ற சொல்லை நான் தவறாக எடுத்துக்கொள்ளவே இல்லை.

மறுநாள் வழக்கம்போல் விமானத்தைத் துடைத்தேன். ஓட்டுகிறவர் கையில் ஒரு கோல் இருக்கும். அதை இழுத்தால் வாலில் இருக்கிற பலகை ஏறி, மூக்கு மேலே தூக்கும். அந்தக் கோலையும் வாலையும் சேர்ப்பது ஒரே ஒரு போல்ட். அதன் நட் கழலாமல் இருக்கக் குறுக்கே ஒரு சின்ன பின் உண்டு. சுண்டுவிரல் நீளம்கூட இருக்காது. அதைக் கழற்றினேன். நட்டை இரண்டு சுற்றுத் தளர்த்தி, மேலே பென்சிலால் ஒரு கோடு போட்டேன்.

அவசரமே இல்லை எனக்கு. ஒவ்வொரு தடவை மாப்பிள்ளை பறந்து இறங்கியதும் அடிமூடியைத் திறந்து கோடு எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று பார்த்து நோட்டில் குறித்தேன். முதலில் அரைச் சுற்று. அடுத்தது முக்கால். என்ஜின் அதிர்வுக்கு அது இவ்வளவு ஒழுங்காக நகரும் என்று நானே எதிர்பார்க்கவில்லை. மூன்றாவது தடவைக்குப் பிறகு நட் பிடித்திருக்கப் போல்டில் ஒன்றரைச் சுற்று மரைதான் மிச்சம். அடுத்த தடவை, ஞாயிற்றுக்கிழமை, கழன்றுவிடும் என்று தெரிந்துபோனது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தங்கை வந்தாள். வெயில் கண்ணில் அடிக்காத இடமாகப் பார்த்து அவளுக்கு நாற்காலி போட்டேன்.

மாப்பிள்ளை ஏறி உட்கார்ந்து பட்டையை மாட்டிக்கொண்டார். "எல்லாம் பாத்துட்டீங்களா மச்சான்?"

"பாத்துட்டேன் மாப்ளே."

அது பொய் இல்லை, சார். என்னைப் போல யாரும் பார்த்திருக்க முடியாது.

கண்ணாடிக் கூண்டை மூடப் போனவர் நிறுத்தினார். "மச்சான், அடுத்தது ரெண்டு சீட்டு வச்சுக் கட்டுவோம். முன்னாடி நீங்க உக்காருங்க. மேல போனதும் கோலை உங்க கையில குடுத்துர்றேன். எந்த டாக்டரு வந்து பாக்கப் போறான்?"

அப்போதுகூட நிறுத்தியிருக்கலாம்தான். கையைக் காட்டினால் போதும், இறங்கியிருப்பார். யோசித்துப் பார்த்தேன். ஆனால் அந்த ரகத்தில் இரண்டு இருக்கை கிடையாது. வைத்தால் முதுகு நீண்டு அழகு கெட்டுப்போகும். நானே கூண்டை மூடித் தாழ்ப்பாள் போட்டேன்.

அழகாக ஏறியது. ஏரிப் பக்கம் திரும்பியபோது இறக்கை வெயிலில் ஒரு தடவை மின்னியது. அப்புறம் மூக்கு தாழ்ந்தது. தாழ்ந்தது நிமிரவில்லை.

"அண்ணா, ஏன் கீழ போகுது?" தங்கை என் கையைப் பிடித்தாள்.

"தெரியலம்மா" என்றேன். அன்றைக்கு நான் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

உங்கள் விசாரணை அறிக்கை போன வாரம் வந்தது. தங்கை இப்போது என் வீட்டில்தான் இருக்கிறாள். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து வாசித்துக் காட்டினாள். 'கட்டியவர் பூட்டு பின்னைப் பொருத்த மறந்திருக்கிறார். கவனக்குறைவான வேலை.' வாசித்துவிட்டு என் தலையைத் தடவினாள். "மறதி எல்லாருக்கும் வர்றதுதாண்ணா. மனசுல வச்சுக்காத. நான் உன்மேல கோபமா இல்ல." அழுதுகொண்டே எனக்குச் சாதம் போட்டாள். அதற்கப்புறம் எனக்குச் சோறு இறங்கவில்லை. 'கவனக்குறைவான' என்று அச்சில் போட்டிருக்கிறீர்கள், சார். நாலு பேர் படிப்பார்கள். ஒன்பது வருஷத்து வேலை.

அதற்காகத்தான் வந்தேன். தங்கை வெளியே பெஞ்சில் இருக்கிறாள். ஏதோ கையெழுத்துப் போட வந்திருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். அவளிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், எனக்கு அந்த மாதிரி விஷயங்களைப் பக்குவமாகச் சொல்ல வராது.

எழுதிக்கொள்ளுங்கள். பின் மறக்கப்படவில்லை. கழற்றப்பட்டது. நான்தான் கழற்றினேன், தெரிந்தே கழற்றினேன். அந்த விமானத்தில் வேறு எந்தக் குறையும் இல்லை.

கடைசி வரியை மட்டும் இன்னொரு தடவை வாசித்துக் காட்டுங்கள், சார்.